மரத்தின் பூர்வீகம் கேட்டு உளியைத் தொடுங்கள்



ஆசாரி இல்லாத தோட்டம் உண்டு. ஆனால் ரம்பமும் சுத்தியலும் இல்லாத லயம் உண்டா? பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு மேசை, அஞ்சடியில் போட ஒரு பெஞ்சு, சாமி படம் வைக்க ஒரு மாடம், கோழிக்கூண்டு, பாத்திர அலமாரி. ரந்தாவ் பக்கம் போனாலும் சரி, பகாவ், கெமஞ்சே பக்கம் போனாலும் சரி, இதெல்லாம் பாதி வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ கையால் செய்ததாகத்தான் இருக்கும். கடையில் கொடுக்கிற வெள்ளியும் மிச்சம், நம் கையால் செய்தோம் என்ற சந்தோஷமும் மிச்சம். நல்ல காரியம், விட வேண்டாம்.

மேசை செய்வது எப்படி என்று இந்தப் பக்கத்தில் சொல்லப் போவதில்லை. அது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மேசையைச் செய்கிறவரின் கண், மூக்கு, நெஞ்சு, விரல் ஆகியவற்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு. காலையில் பால் வெட்டப் போகிற கையும், செம்பனைக் குலையை அண்ணாந்து பார்க்கிற கண்ணும்தானே நம் சம்பளம்? மாலையில் மரவேலை செய்யப் போய் அந்தச் சம்பளத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா?

உளி வெட்டினால் ரத்தம் வரும், உடனே தெரியும். ஆனால் மரத்தூசி செய்கிற கெடுதலும், பலகையில் ஊறிக் கிடக்கிற மருந்து செய்கிற கெடுதலும் உடனே தெரியாது. ஆகவே கருவியை எடுக்கும் முன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தப் பலகை எங்கிருந்து வந்தது?

நம் ரப்பர் மரத்தின் கதை

பால் வற்றிய ரப்பர் மரத்தை இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வது வழக்கம். ஒரு காலத்தில் சாய்ந்த மரம் எங்கே போயிற்று? அடுப்புக்கும், செங்கல் சூளைக்கும், ஷீட் காய வைக்கும் புகைக்கூண்டுக்கும் விறகாகப் போயிற்று. 1967இல் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலை, இரும்பு உருக்கவே ரப்பர் மரக் கரியைத்தான் பயன்படுத்தியது.

அது ஏன் பலகையாகவில்லை? ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். பிறகு வண்டு துளைத்து உள்ளே மாவாக்கிவிடும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையமும் மற்றவர்களும் செய்த ஆராய்ச்சியால் இதற்கு வழி பிறந்தது. அறுத்த பலகையை உடனே போரான் மருந்தில் அழுத்தி ஊற வைத்து, சூட்டு அறையில் காய வைத்தார்கள். 1980களில் ரப்பர் மரச் சாமான்கள் கப்பலேறின. விறகுக்குப் போன மரம் இன்று மூவார் தொழிற்சாலைகளில் நாற்காலியாக உருவெடுத்து வெளிநாடு போகிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? சாய்ந்து கிடக்கிற மரத்தை அறுத்துக் கொண்டுவந்து வீட்டில் போட்டால் நிலைக்காது. சிலர் வண்டு வராமல் இருக்க ஸ்டோரிலிருந்து பூச்சிமருந்தைக் கொஞ்சம் வாங்கி வந்து பலகையில் பூசுகிறார்கள். வேறு சிலர் லாரியில் மாற்றிய கறுப்பு எண்ணெயைத் தடவுகிறார்கள். இரண்டுமே வேண்டாம், தோழர்களே! காட்டுக்கு அடிக்கும் மருந்து, குழந்தை கை வைத்துப் படிக்கும் மேசைக்கு உரியதல்ல. கறுப்பு எண்ணெயில் தோலைக் கெடுக்கும் பொருள்களும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் கலந்திருக்கும்.

மருந்து ஊட்டிக் காய வைத்த ரப்பர் பலகையை மரக்கடையில் கேட்டு வாங்குங்கள். அதை மழை படாத உள்வேலைக்கு மட்டும் வையுங்கள். வேலை முடிந்ததும் மேல்பக்கம் மட்டுமல்ல, அடிப்பக்கம், கால் நுனி, மூலை என்று எல்லா இடத்திலும் வார்னிஷ் பூசுங்கள். மரத்தின் நுண்துளையில்தான் வண்டு முட்டையிடும். துளை அடைபட்டால் அதற்கு இடமில்லை.

எந்தப் பலகையைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

காசு கொடுத்து வாங்கும் பலகையைவிட, சும்மா கிடைக்கும் பலகையில்தான் வில்லங்கம் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேலட் பலகை: நீலாய், செனவாங் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் கொண்டுவந்து போடுவது இது. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்ற எழுத்து இருந்தால் சூடு காட்டிப் பூச்சி கொன்ற பலகை, அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது, விட்டுவிடுங்கள். எந்த முத்திரையாக இருந்தாலும் பலகையில் எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருந்தால் தொடவே வேண்டாம். உரமும் பூச்சிமருந்தும் அடுக்கி வைத்த பேலட்டும் அப்படியே.

பழைய ரயில் சிலிப்பர் கட்டை: தம்பின், கெமாஸ் வழியாக ரயில் ஓடும் மாநிலம் நம்முடையது, பழைய கட்டைகள் பலர் வீட்டில் கிடக்கும். கறுத்து, தார் வாடை அடித்தால் அதில் கிரியோசோட் ஊறியிருக்கிறது. தோலில் பட்டால் எரியும், வெயிலில் இன்னும் மோசமாகும். அறுக்கவும் வேண்டாம், அடுப்பில் வைக்கவும் வேண்டாம்.

பச்சை ஓடிய பலகை, கம்பம்: தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஊட்டிய மரம் இது. இந்த மருந்தை 1930களில் கண்டுபிடித்தவர் நம் இந்தியர்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசன். கறையான் அரிக்காத மின்கம்பத்துக்கும் பாலத்துக்கும் அது பெரிய உதவி. ஆனால் ஆர்செனிக் என்பது பாஷாணம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகப் பலகைக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பலகையை எரித்தால் பாஷாணம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் விளக்கினால், கீரைப் பாத்திக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ந்தபடி மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டு நனைத்துத் தேயுங்கள். கீழே பழைய தாள் விரித்து, சுரண்டியதை மடித்துப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ரெங்காஸ் மரம்: சிவந்த நிறத்தில் கறுப்பு வரி ஓடி, பார்க்க மிக அழகான மரம். ஆனால் அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். ஊரில் வண்ணார் துணிக்குக் குறி போடுவார்களே, சேராங்கொட்டை, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் கை வெந்துபோவதும் இதே காரணத்தால்தான். சிலருக்கு அதன் தூசியும் ஆகாது; அதை எரித்த புகை மூச்சில் போனால் ஆபத்து. பட்டுவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். முகம் வீங்கினாலோ கொப்புளம் பரவினாலோ கிளினிக்குக்குப் போங்கள். ஆற்றோரத்தில் சாய்ந்து கிடக்கும் பெயர் தெரியாத மரத்தை அறுக்கும் முன், காடு தெரிந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப். பலகை: இவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளிவரும். புதுப் பலகையை அறுக்கும்போது கண் எரிவது அதனால்தான். இதுவும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு முடிவு சொன்னது. வெளியில் வைத்து அறுங்கள். செய்து முடித்த அலமாரியைப் பச்சைக் குழந்தை தூங்கும் அறையில் வைக்கும் முன் சில நாள் காற்றாட விடுங்கள்.

தூசி என்ன செய்யும்?

‘அட போங்க, மரத்தூள்தானே! தும்மினால் போச்சு’ என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊரின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். நாற்காலி செய்வதில் பேர்போன ஊர் அது. அங்கே காது மூக்குத் தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற அம்மையாரிடம், மூக்கின் உள்ளே புற்றுநோய் கண்ட நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். மிக அரிதான நோய் அது. விசாரித்தால், பலரும் நாற்காலித் தொழிலாளர்கள்! அவரும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1968இல் அதை வெளியிட்டார்கள். 1995இல் மரத்தூசியே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது.

பயப்பட வேண்டாம். அவர்கள் பல ஆண்டுகள், நாள் முழுக்கத் தொழிற்சாலைத் தூசியில் நின்றவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பலகை இழைக்கிற உங்களுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் ஆஸ்துமா, மூக்கொழுகல், கண் எரிச்சல், தோல் அரிப்பு இவற்றுக்குப் பல ஆண்டுகள் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுதே போதும். அதுவும் லயத்து வீட்டில் நம் தூசி நம்மோடு நிற்காது. பக்கத்து வீட்டு அஞ்சடியில் தூளியில் கிடக்கிற குழந்தைக்கும், இழுப்பு உள்ள பாட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

கண்ணுக்குத் தெரிகிற தூள் மூக்கிலேயே தங்கிவிடும். மணல்தாள் போடும்போது பறக்கிற மாவு போன்ற தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது. தலைத்துண்டை மூக்கில் கட்டினால் அது நிற்காது. 2020இல் கோவிட் வந்தபோது எல்லோரும் தெரிந்துகொண்டோமே, ‘என்95’ முகக்கவசம், அதுதான் வேண்டும். மூக்கோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மீசை தாடிக்கு நடுவே இடைவெளி விட்டால் பயனில்லை.

வீட்டுக்குள் வேலை செய்யாதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி வெளியில் நில்லுங்கள். முடிந்ததும் விளக்குமாற்றால் வறட்டுக்குப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். குளித்து, உடை மாற்றி, பிறகு பிள்ளையைத் தூக்குங்கள், சோற்றில் கை வையுங்கள். ஒரு பக்க மூக்கடைப்போ மூக்கில் ரத்தமோ வாரக்கணக்கில் நிற்காமல் இருந்தால், ‘நான் மரவேலை செய்கிறவன்’ என்று மருத்துவரிடம் சொல்லிக் காட்டுங்கள்.

வார்னிஷ், தின்னர் வேலையும் வெளியில்தான். பக்கத்தில் சிகரெட், அடுப்பு, சாமி விளக்கு எதுவும் கூடாது. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்த பிறகு எறியுங்கள்.

கருவியும் கையும்

மழுங்கிய கத்தியால் பால் வெட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உளியும் அப்படித்தான். மழுங்கிய உளிக்குத்தான் பலம் கொடுத்து அழுத்துகிறோம், வழுக்குவதும் அதுதான். தீட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பலகையைக் காலால் மிதித்துப் பிடிக்காமல் பிடிகட்டையால் இறுக்குங்கள். இரண்டு கையும் உளியின் கூர்முனைக்குப் பின்னால் இருக்கட்டும்.

குனிந்து குனிந்து வேலை செய்த முதுகுக்குத் தரையில் குந்தி இழைப்பது தண்டனை. நின்றபடி கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை மடக்கினால் எந்த உயரத்தில் படுகிறதோ, அந்த உயரத்தில் ஒரு வேலைமேசை போட்டுக்கொள்ளுங்கள். இழைப்புளிக்கு அதுதான் சரியான உயரம்.

மின்கருவி பிடிக்கும்போது கைலி வேண்டாம், கால்சட்டை போடுங்கள். தொங்கும் சங்கிலி, கைக்கயிறு, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். சுற்றும் கருவியில் கையுறையும் வேண்டாம். அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். இரும்பு அறுக்கும் கிரைண்டரில் பல் வைத்த மரத்தட்டை மாட்டி அறுக்கிற வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். மரத்தில் சிக்கினால் அது துள்ளி முகத்துக்கோ தொடைக்கோதான் வரும். மழை பெய்த ஈரத் தரையில் ஒயரை இழுக்காதீர்கள். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ‘ஈ.எல்.சி.பி.’ சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழுந்தால்தான் நம்பலாம். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். உள்ளே ‘ஊற்றிக்கொண்ட’ நாளில் ரம்பத்துக்கும் லீவு கொடுத்துவிடுங்கள்.

கண்ணில் பட்டால்

கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். சிராய் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஒரு காகிதக் குவளையால் அழுத்தாமல் மூடி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நாக்கால் எடுப்பது, மெடிக்கல் கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து போடுவது எல்லாம் ஆபத்து. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவிழியில் புண் வந்த 434 பேரைப் பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முதலில் கண்ணில் சிறு அடிபட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சணம்தான் காரணம். இலை, குச்சி, மரம் பட்ட கண்ணில் பூஞ்சணம் புகும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அதற்கு உரம் போட்டது மாதிரி. வலியோ சிவப்போ மறுநாளும் இருந்தால் பிரட்டுக்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

வெட்டுப் பட்டால்

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், புகையிலை எதுவும் வைக்காதீர்கள். துருப்பிடித்த ஆணி, ஆழமாகக் குத்திய சிராய், மண் பட்ட வெட்டு இவற்றில் ரண ஜன்னி வரலாம். அதற்கான ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். அழுக்கான காயம் என்றால் ஐந்து ஆண்டிலேயே போட வேண்டியிருக்கும், கிளினிக்கில் கேளுங்கள்.

விரல் துண்டானால் பதறாதீர்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலில் நேராக ஐஸ் படக் கூடாது, கருகிவிடும். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள அரசாங்க மருத்துவமனைக்கோ விரையுங்கள். நேரம்தான் விரலைக் காப்பாற்றும்.

சொக்சோ விஷயம்

வேலைக் காயம் வேறு, வீட்டுக் காயம் வேறு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலைக் காயத்துக்கும் அதனால் வரும் ஊனத்துக்கும் தனி விதிகள் உண்டு. எப்படி, எங்கே, எத்தனை மணிக்கு நடந்தது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் பட்டதைக் காட்டில் பட்டதாகச் சொன்னால் பின்னால் உண்மையான கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகும். உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்.

இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரில் தனித் திட்டம் வந்தது. 55 வயதுக்கு உட்பட்ட சகோதரிகள் ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் சேரும்படி அது தொடங்கியது. வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நாற்காலி, மேசை செய்து விற்கிற அளவுக்கு வந்துவிட்டவர்கள், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோர் திட்டத்தில் சேர முடியுமா என்று விசாரியுங்கள்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

1. பலகை எங்கிருந்து வந்தது என்று கேள். தெரியாவிட்டால் தொடாதே.
2. கறுத்தது, பச்சை ஓடியது, மருந்து வாடை அடிப்பது: அறுக்காதே, எரிக்காதே.
3. வெளியில் நின்று வேலை செய். மூக்குக்கு என்95, கண்ணுக்குக் கண்ணாடி.
4. உளியைத் தீட்டு, பலகையை இறுக்கு, கையைப் பின்னால் வை.
5. தண்ணீர் தெளித்துக் கூட்டு. குளித்த பிறகு குழந்தையைத் தூக்கு.
6. கண்ணில் தாய்ப்பால் விடாதே. காயத்தில் காப்பித்தூள் வைக்காதே.

நீங்கள் செய்து கொடுத்த மேசையில் உங்கள் பிள்ளை படித்து முன்னுக்கு வர வேண்டும். அதைப் பார்க்க உங்கள் கண் வேண்டும், தட்டிக் கொடுக்க உங்கள் கை முழுசாக வேண்டும். மரத்தின் பூர்வீகம் கேட்டுவிட்டு உளியைத் தொடுங்கள், தோழர்களே!